காசு கொடுத்தால் கணக்குத் தீர்ந்ததா?

எல்லாப் புகழும் நம்மைப் படைத்து, உணவளித்துப் பரிபாலித்து வரும் அல்லாஹு தஆலாவுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

வெளியில் சென்று சாப்பிடுவது ஒரு காலத்தில் நமது வீடுகளில் அபூர்வமான காரியம். பயணம் போனால், ஆஸ்பத்திரியில் யாரேனும் படுத்திருந்தால், வீட்டில் சமைக்க ஆளில்லாவிட்டால் ஓட்டலுக்குப் போவோம். இன்று அப்படியில்லை. பசிக்காக அல்லாமல் மகிழ்ச்சிக்காகவே குடும்பத்தோடு ஓட்டலுக்குச் செல்கிறோம். இது ஆகுமா, ஆகாதா என்று வாதிக்க இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஹலாலான உணவை ஹலாலான பணத்தில் வாங்கி, மனைவி மக்களோடு மகிழ்ந்து உண்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நல்ல நிய்யத்துடன் குடும்பத்துக்காகச் செலவிடுவதும் ஸதகாவாகும் என்பதை ஹதீஸ் ஷரீஃபில் காண்கிறோம். வருடம் முழுவதும் அடுப்படியில் நிற்கும் நம் பெண்மக்களுக்கு, தாங்கள் சமைக்காத ஒரு வேளை உணவை உட்கார்ந்த இடத்தில் உண்ணக் கொடுப்பது நல்ல காரியமே.

நம்மை உறுத்திய கேள்வி வேறு. அண்மையில் ஒரே வாரத்தில் இரண்டு விதமான இடங்களில் சாப்பிட நேர்ந்தது. இரண்டாவது இடத்தில் நாம் செய்த ஒரு சிறு காரியம் இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. வாசகர்களிடம் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அதிலிருந்து எழும் கேள்வியைச் சேர்ந்து சிந்திக்கலாம் என்று எண்ணுகிறோம்.

சின்னக் கடையில் ஓர் இரவு

நம் தம்பி மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் கைக்கு வந்ததும், ஊரிலிருந்த நம்மையெல்லாம் வரவழைத்தான். நமது தாயாரும் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு எல்லோரையும் ஒரு 'பிஸ்ட்ரோ'வுக்கு அழைத்துப் போனான்.

பிஸ்ட்ரோ என்பது பாரீஸ் நகரில் 19-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த பெயர். ஆடம்பரமில்லாத சிறிய சாப்பாட்டுக் கடை என்று பொருள் கொள்ளலாம். மேசைகள் குறைவு, உணவு வகைகளும் குறைவு, அன்றைக்கு என்ன உண்டென்பதைக் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். இப்போது நமது பெருநகரங்களிலும் இந்தப் பெயரில் கடைகள் இருக்கின்றன.

பரிமாறும் பையன் வந்ததும், "தம்பி, கறி ஹலால்தானா? குழம்பில் ஒயின் ஏதும் ஊற்றுகிறீர்களா?" என்று கேட்டோம். தம்பி மகனுக்குக் கொஞ்சம் கூச்சம். "பெரிய வாப்பா, மெதுவாக் கேளுங்க" என்றான். கேட்பதில் கூச்சமென்ன? அந்தப் பையன் முகம் சுளிக்காமல் உள்ளே போய் விசாரித்து வந்தான். கோழி ஹலால் கடையிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு சாஸில் ஒயின் சேர்கிறது. புட்டிங்கில் இடும் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று தெரியவில்லை என்றான். தெளிவான ஹலாலுக்கும் தெளிவான ஹராமுக்கும் இடையிலுள்ள சந்தேகமானவற்றை விட்டு விலகுவதே தீனுக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு என்பது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. ஆகவே அவ்விரண்டையும் விட்டுவிட்டு மீனும், கோழியும், சூப்பும் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை எழுதியிருந்ததால், யோசித்து யோசித்துத்தான் சொன்னோம். மிஞ்சிய கோழியைப் பொட்டலமாகக் கட்டித் தந்தார்கள். மறுநாள் காலையில் ரொட்டியோடு அதைச் சாப்பிட்டு முடித்தோம். ஒரு துண்டு கூட வீணாகவில்லை. அல்ஹம்து லில்லாஹ்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து

ஆனால் தம்பி மகனுக்கு மனநிறைவு ஏற்படவில்லை. "வாப்பும்மாவுக்குப் பெரிய விருந்தே வைக்கணும்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய நட்சத்திர ஓட்டலில் 'ப்ரன்ச்' விருந்துக்கு இடம் பிடித்துவிட்டான்.

இந்தப் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. காலை உணவையும் மதிய உணவையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த சொல் இது. 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், சனி இரவு வெகுநேரம் விழித்திருந்துவிட்டு ஞாயிறன்று தாமதமாக எழுபவர்களுக்கு இப்படியொரு உணவு வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். ஸுபுஹுக்கு எழுந்து தொழுதவனுக்கு ப்ரன்ச் எதற்கு என்று நமது தாயார் கேட்டிருப்பார்கள். நல்லவேளையாக இந்த வரலாறு அவர்களுக்குத் தெரியாது!

மண்டபம் முழுக்க வரிசை வரிசையாக உணவு. ஒரு தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டால், எதை வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பன்றி இறைச்சி ஒரு பக்கத்தில் இருந்தது. அதைச் சுடும் அடுப்பிலேயே மற்றக் கறிகளையும் சுடுவதாகத் தலைமைச் சமையல்காரர் ஒளிக்காமல் சொன்னார். எனவே சுட்ட வகைகள் பக்கமே போகவில்லை. மேசையில் வைத்திருந்த மதுக் கிண்ணங்களை எடுத்துவிடச் சொன்னோம், உடனே எடுத்தார்கள். மது பரிமாறப்படும் ஸுஃப்ராவில் அமர வேண்டாம் என்ற ஹதீஸ் இருக்க, நாலு மேசை தள்ளி அது பரிமாறப்படும் மண்டபத்தில் நாம் அமரத்தான் வேண்டுமா என்ற கேள்வியை, முன்கூட்டியே விசாரிக்காமல் போனதால், அங்கே போய்த்தான் கேட்டுக்கொண்டோம். அது நமது முதல் குறை. லுஹருக்கு இடம் கேட்டபோது, காலியாக இருந்த ஒரு சிறு அறையைத் திறந்து விட்டார்கள். அந்தப் பண்புக்கு நன்றி சொல்ல வேண்டும். உணவு வைக்கப்பட்டு இகாமத்தும் சொல்லப்பட்டால் முதலில் உணவை முடிக்க நமக்கு அனுமதி உண்டு. பசியோடு நின்று தொழுகையில் மனம் சிதறக் கூடாது என்பதற்காகவே அந்தச் சலுகை. நான்காம் சுற்றுக்குப் போய் வருவதற்காக அல்ல. அதனால் இரண்டாம் சுற்றிலேயே எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததே விஷயம்.

மூடி வைத்த தட்டு

பத்து வயதுப் பேரன் தன் தட்டில் இறாலும், நூடுல்ஸும், மூன்று வகைக் கேக்கும் மலைபோல் குவித்து வந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடித்துவிட்டுத் தள்ளி வைத்தான். உறவுக்காரப் பெண் ஒருவர் இரண்டு கேக் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நமது தாயார் தமக்கென்று எடுத்தது கொஞ்சம் சோறும் ஒரு மீன் துண்டும்தான். அதை முடித்துவிட்டு, பேரன் ஒதுக்கிய இறாலைத் தம் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

"விடுங்க வாப்பும்மா, காசு கொடுத்தாச்சு. வேணும்னா புதுசா எடுத்துட்டு வர்றேன்" என்றான் தம்பி மகன்.

"காசு நீ கொடுத்தே, வாப்பா. கணக்கு யாரு கேக்கப் போறது?" என்றார்கள் உம்மா.

அவன் முகம் வாடிவிட்டது. முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாக வைத்த விருந்தல்லவா? அவனைத் தேற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் நாம் எழுந்து, வயிறு நிறைந்திருந்தும், "பிரியாணி பிரமாதமாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டு நிறைய எடுத்து வந்தோம். இவ்வளவு பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணமும் உள்ளே இருந்தது என்பதை மறைப்பானேன்? நாலு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. பாதிக்கு மேல் தட்டிலேயே நின்றுவிட்டது. தட்டை எடுக்க ஆள் வருவதைப் பார்த்ததும், மேசையிலிருந்த டிஷ்யூ காகிதத்தை விரித்து அந்தச் சோற்றை மூடி வைத்தோம்.

யாருக்காக மூடினோம்? எடுக்க வந்தவருக்கு உள்ளே இருப்பது தெரியாமலா போகும்? எதிரில் உட்கார்ந்திருந்த உம்மாவின் பார்வைக்காகவா? பணம் கட்டியது உண்மையானால், அந்தச் சோறு நமக்குச் சொந்தமானால், நமது பொருளை நாம் விட்டுவிட்டு எழுவதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பாவம் என்பது உன் உள்ளத்தை உறுத்துவதும், மக்கள் அறிந்துவிடக் கூடாதே என்று நீ வெறுப்பதும் ஆகும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த ஹதீஸை எத்தனையோ தடவை மேடையில் சொல்லியிருக்கிறோம். அன்று அந்தக் காகிதத்தை விரித்த போதுதான் அது நமக்கே சொல்லப்பட்டதாகத் தோன்றியது.

வியாபாரம் கூடும், அதனால் எல்லாம் கூடுமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். எவ்வளவு உண்ணப் போகிறோம் என்று தெரியாமலே ஒரு விலை பேசிக் கொள்வது ஷரீஅத்தில் செல்லுமா? விற்கும் பொருளின் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. சவூதி அரேபியாவின் மூத்த ஆலிம்கள் சபையில் உறுப்பினராக இருந்த ஷைகு ஸாலிஹ் அல் ஃபவ்ஸான், 2014-ல் இந்த விதியைக் காட்டி, அளவு குறிக்காத பஃபே வியாபாரம் கூடாது என்று சொன்னதாகச் செய்திகள் வெளிவந்து பெரிய விவாதம் எழுந்தது. அதே நாட்டைச் சேர்ந்த ஷைகு இப்னு உஸைமீன் (2001-ல் வஃபாத்தானவர்) வேறுவிதமாகக் கருதினார். மனிதர் உண்ணும் அளவு ஏறக்குறையத் தெரிந்ததுதான். அந்தச் சிறு வேறுபாடு பொறுத்துக் கொள்ளக் கூடியதே. ஆனால் தாம் வழக்கத்துக்கு மிஞ்சி உண்பவர் என்று அறிந்தவர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது அவரது கருத்து.

இதற்கு முன்மாதிரி பழைய கிதாபுகளிலேயே உண்டு. ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பொதுக் குளியலறைக்குக் கட்டணம் கொடுத்து உள்ளே செல்வது கூடும் என்பதில் உலமாக்கள் ஒருமித்திருப்பதைக் குறிப்பிடுகிறார்கள். ஒருவர் அதிகத் தண்ணீர் ஊற்றுவார், மற்றவர் குறைவாக ஊற்றுவார். ஒருவர் சீக்கிரம் வெளிவருவார், மற்றவர் தாமதிப்பார். ஆயினும் மக்களின் தேவையைக் கருதி இந்தச் சிறு அறியாமை பொறுக்கப்படுகிறது. பஃபேயை இதற்கு ஒப்பிட்டு ஆகுமென்று கொள்ள இடமிருக்கிறது. ஐயமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

சரி, வியாபாரம் செல்லும். ஆனால் அந்தப் பணத்தால் நமக்குக் கிடைத்தது என்ன? மண்டபத்தில் உள்ள உணவு முழுவதற்கும் நாம் சொந்தக்காரர் ஆகிவிட்டோமா? இல்லை. உண்பதற்கான அனுமதிதான் கிடைத்தது. விருந்தாளியைப் பற்றி நமது ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் ஒரு சட்டம் உண்டு. முன்னால் வைக்கப்பட்ட உணவை விருந்தாளி உண்ணலாம். ஆனால் உண்பதைத் தவிர வேறு எந்த வகையிலும், வீட்டுக்காரரின் சம்மதம் தெரியாமல், அதைக் கையாளக் கூடாது. பஃபேயில் பணம் கட்டியவரும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கிறார். கைப்பைக்குள் போன கேக் துண்டுகளின் நிலை இதிலிருந்தே விளங்கும். அப்படியானால், உண்ணப் போவதில்லை என்று தெரிந்தே தட்டில் அள்ளிக் குப்பைக்கு அனுப்பும் அனுமதியை நமக்கு யார் தந்தது?

ஓடும் ஆற்றின் கரையில்

"வாதத்துக்காகச் சொந்தமென்றே வைத்துக்கொள்வோம். சொந்தப் பொருளை வீணாக்கினால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் நமது மார்க்கத்தின் பார்வை வேறுபடுகிறது. பொருள் நம்முடையதா பிறருடையதா என்பது முதல் கேள்வி. அது நிஃமத்தா இல்லையா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அல்குர்ஆனின் ஏழாவது அத்தியாயத்தில், உண்ணவும் பருகவும் தரப்பட்ட அனுமதியும், வரம்பு மீறக் கூடாது என்ற தடையும் ஒரே ஆயத்தில் சேர்ந்தே வந்துள்ளன. அனுமதி வேறிடத்திலும் தடை வேறிடத்திலும் இருந்திருந்தால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை மறந்திருப்போம். அந்த ஆயத்தில் பிறர் பொருள் என்றோ, திருடிய பொருள் என்றோ பேச்சில்லை. ஹலாலான, கையிலுள்ள உணவைப் பற்றியே பேச்சு.

ஒளுச் செய்து கொண்டிருந்த ஸஃது (ரலி) அவர்களிடம், இதென்ன விரயம் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாகவும், ஒளுவிலும் விரயம் உண்டா என்று அவர் வினவ, ஓடும் ஆற்றில் இருந்தாலும் உண்டு என்ற கருத்தில் பதில் வந்ததாகவும் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உள்ளது. அதன் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலையினர் கூறுவர். ஆனால் அதன் கருத்து நிலைபெற்றதே. கடற்கரையில் இருந்தாலும் தண்ணீரை விரயம் செய்வது கூடாது என்பதில் உலமாக்கள் ஒருமித்திருப்பதாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். கடற்கரை ஊர்களில் பிறந்த நாம் இதை நன்றாக உணர முடியும். நாம் ஒரு குவளை மிச்சம் பிடித்தால் கடல் நிறைந்துவிடுமா? இரண்டு குவளை வீணாக்கினால் வற்றிவிடுமா? கடலுக்கு ஒன்றும் ஆகாது. ஆகிறது நமக்குத்தான். அளவறியாத கை அங்கே பழகிப் போகிறது.

பஃபே என்பது ஓடும் ஆறு. பிஸ்ட்ரோவில் நாம் அளவோடு உண்டோமே, அது நமது தக்வாவினாலா? கரும்பலகையில் எழுதியிருந்த விலைகள்தாம் நமது கையைப் பிடித்து நிறுத்தின. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை பிடிப்பார் இல்லாமல் போயிற்று. உடனே நமது நஃப்ஸ் தன் உண்மை முகத்தைக் காட்டிவிட்டது. ரமலானில் தாகத்தால் நாக்கு வறண்டிருக்க, தனியறையில் தண்ணீர்க் கூஜா பக்கத்தில் இருக்க, பார்ப்பார் யாருமில்லாதிருந்தும் ஒரு சொட்டுக் குடிக்காதவர்கள் நாம். அந்தப் பயிற்சி ஒரு மாதத்துக்கு மட்டும் உரியதா? தடுப்பாரில்லாத இடத்தில் தன்னைத் தானே தடுத்துக் கொள்ளவல்லவா அது கற்றுத் தரப்பட்டது?

தவறு எங்கே நடந்தது?

இங்கே இன்னொரு நுட்பமான கேள்வி எழுகிறது. பேரன் ஒதுக்கிய இறாலை நமது தாயார் சாப்பிட்டார்களே, அது சரியா? கீழே விழுந்த கவளத்தையும் எடுத்துத் துடைத்து உண்ணவும், பரக்கத் எந்தப் பகுதியில் இருக்கிறதென்று தெரியாததால் தட்டை வழித்து உண்ணவும் நமக்கு வழிகாட்டப்பட்டிருக்கிறது. எனவே ஒதுக்கியதை எடுத்து உண்பது அழகிய செயல். ஆனால் வயிறு நிறைந்த பிறகும், வீணாகிறதே என்று திணித்துக் கொள்வது? வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்ற அளவை மிக்தாம் இப்னு மஃதீ கரிப் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். அளவுக்கு மிஞ்சி உண்பதும் விரயமே. குப்பைத் தொட்டிக்குப் பதிலாக வயிற்றில் கொட்டினால் அது விரயமில்லை என்று ஆகிவிடாது. பணத்தை ஈடுகட்டத் தின்பவன் நிலையும் இதுவே. கட்டிய பணம் வாசலிலேயே போய்விட்டது. எத்தனை தட்டு உண்டாலும் அதில் ஒரு ரூபாய் திரும்பி வராது. பணம் போனதோடு உடம்பும் கெடுவதுதான் மிச்சம்.

ஆக, சோறு தட்டில் குவிந்த பின் இரண்டு வழிதான்: வீணாக்குவது, அல்லது திணித்துக் கொள்வது. இரண்டுமே நல்லதில்லை. அப்படியானால் தவறு நடந்தது தட்டில் அல்ல. அதற்கு முன்பே கரண்டியைப் பிடித்த கையில் நடந்துவிட்டது. பிஸ்மில்லாஹ்வை நாம் முதல் கவளத்துக்குச் சொல்கிறோம். பஃபே வரிசையில் கரண்டியைத் தொடும்போதே சொன்னால் என்ன? அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டே, உண்ணப் போவதில்லை என்று தெரிந்த உணவை அள்ள எந்த முஃமினுக்கும் கை வராது.

இதை உலக அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டல் பஃபேயில் தட்டின் அளவைச் சிறிதாக்கியபோது வீணாகும் உணவு சுமார் 20 சதவீதம் குறைந்தது. தட்டை மாற்றாமல், ஒரே தடவையில் நிறைய எடுப்பதை விடப் பல தடவை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அறிவிப்பு வைத்த ஓட்டல்களிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. யாரையும் பட்டினி போடவில்லை. எவரும் குறை சொல்லவுமில்லை. கரண்டி பிடிக்கும் நேரத்தில் ஒரு கணம் நிதானம் வந்தது, அவ்வளவே.

"அந்தச் சோறு ஏழைக்கா போகப் போகிறது?"

பலர் கேட்கும் கேள்வி இது. நாம் மிச்சம் வைக்காவிட்டால் மட்டும் அது ஏழைக்குப் போய்விடுமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. நமது எச்சில் தட்டு யாருக்கும் போகாது. ஆனால் நாம் கை வைக்காத உணவுக்கு வழி இருக்கிறது. மிஞ்சிய நல்ல உணவைப் பாதுகாப்பாகச் சேகரித்து வழங்குவதற்கு நமது நாட்டில் 2019-ல் தனி விதிமுறைகளே வந்துள்ளன. கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற தொண்டு அமைப்புகள் கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதைப் பெற்றுப் பசித்தவர்களுக்குக் கொண்டு போகின்றன. பாத்திரத்தில் மிஞ்சினால் ஒரு மனிதனின் வயிற்றுக்குப் போகலாம். தட்டில் மிஞ்சினால் தொட்டிக்குத்தான் போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நமது கரண்டி.

ஓட்டல்களை மட்டும் குறை கூறித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் ஓட்டல் முதலிய உணவகங்களில் வீணானது 29 கோடி டன். வீடுகளில் வீணானதோ 63 கோடி டன்! பாதிக்கும் அதிகம் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் போகிறது. நமது வலீமாக்களையும், இஃப்தார் விருந்துகளையும் எண்ணிப் பார்ப்போம். செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவை உணவுகளிலேயே கெட்டது என்று ஹதீஸ் எச்சரித்திருக்க, இன்று நாம் ஏழைகளை விட்டதோடு நில்லாமல், பாதியைக் குப்பைக்கும் விடுகிறோம்.

சஹனிலிருந்து ஒரு பாடம்

நமது கடற்கரை ஊர்களில் இன்னும் சஹன் சாப்பாடு மறையவில்லை. ஒரு சஹனைச் சுற்றி இரண்டு மூன்று பேர், சில ஊர்களில் ஐந்தாறு பேர் அமர்ந்து உண்போம். சிறு பிள்ளையாக இருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை தட்டெங்கும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தன் பக்கத்திலிருந்து உண்ணவும் நபி (ஸல்) அவர்கள் அன்போடு கற்றுக் கொடுத்தார்கள். பேரீச்சம் பழத்தைச் சேர்ந்து உண்ணும்போது, தோழர்களின் அனுமதியின்றி இரண்டிரண்டாக எடுப்பதையும் தடுத்தார்கள். சஹனில் ஒருவர் அதிகம் அள்ளினால் எதிரில் இருப்பவருக்குக் குறைவது கண்ணுக்கே தெரியும். பஃபேயில் அந்த எதிர் ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இருக்கிறார். பின்னால் வரிசையில் நிற்பவர் இருக்கிறார். வெக்கையிலும் புகையிலும் நின்று சமைத்தவர் இருக்கிறார். எங்கோ பசித்திருப்பவர் இருக்கிறார். எல்லோருக்கும் மேலாக, அந்த நிஃமத்தைப் பற்றிக் கேட்க இருக்கும் ரப்பு இருக்கிறான். பஃபே மேசையை மிகப் பெரியதொரு சஹன் என்று நினைத்துக் கொண்டால், கை தானாகவே தன் பக்கத்தில் நிற்கும்.

நாம் முடிவு செய்து கொண்டவை

அன்றிரவு வீடு திரும்பியதும் தம்பி மகனிடம், அந்த மூடிய தட்டைப் பற்றி ஒளிக்காமல் சொன்னோம். "உன் விருந்தில் குறையில்லை, வாப்பா, எங்கள் கையில்தான் குறை" என்றோம். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நானும்தான் பெரிய வாப்பா, ரெண்டு தட்டு விட்டேன்" என்றான். பக்கத்தில் தஸ்பீஹ் ஓதிக் கொண்டிருந்த உம்மா சிரித்துவிட்டார்கள். "நல்ல சாப்பாடுதான். அடுத்த தடவை அந்தச் சின்னக் கடைக்கே கூட்டிட்டுப் போ. அங்கே கேட்டதை மட்டும்தானே தந்தான்" என்றார்கள்.

பஃபேக்குப் போகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. போகும் முன் ஹலால், ஹராம், மது பற்றி விசாரித்துக் கொள்வோம். தொழுகை நேரத்தைக் கணக்கில் கொள்வோம். முதல் சுற்றில் எடுக்காமல் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். பிள்ளைகளின் தட்டில் நாமே பரிமாறி, முடித்த பின் மறுபடியும் எடுக்கலாம் என்று பழக்குவோம். உணவைக் குறை சொல்லாமலும், பரிமாறுபவரிடம் இனிய சொல் சொல்லியும் உண்போம். பணம் ஈடாக வேண்டுமே என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுவோம்.

காசு கொடுத்தால் ஓட்டல்காரரின் கணக்குத் தீர்ந்துவிடும். அவர் ரசீது தந்து ஸலாமும் சொல்லி அனுப்பி விடுவார். அந்த அரிசியை முளைக்கச் செய்தவன், மழையை இறக்கியவன், அதைச் சுவைக்கும் நாவைத் தந்தவன் கேட்கும் கணக்கு மட்டும் அப்படியே திறந்து கிடக்கிறது. அந்தக் கணக்கை எந்தக் காகிதத்தாலும் மூட முடியாது.

யா அல்லாஹ்! நீ தந்த ரிஸ்கில் எங்களுக்குப் பரக்கத் செய்வாயாக! உண்ணும்போது உன்னை நினைக்கும் உள்ளத்தையும், அளவோடு நிற்கும் கையையும் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தந்தருள்வாயாக! பசித்திருப்போரை மறக்காதவர்களாக எங்களை ஆக்கி வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.